கட்டிடக் கலைக்குக் காட்டிலே பாடம்!

பள்ளிக்கூடம் போகாத மக்கள் பாலம் அமைத்தார்கள். அதை அளந்து பார்க்க ஜெர்மனியில் இருந்து பேராசிரியர்கள் வந்தார்கள்! காடும் மலையும் கற்றுக்கொடுத்த கட்டிடக் கலையைக் கல்லூரிகள் இப்போது தேடத் தொடங்கி இருக்கின்றன. இது ஏன்? இதனால் யாருக்கு லாபம்?

மேகாலயா மாநிலத்தில் மவ்சின்ராம் என்று ஓர் ஊர் இருக்கிறது. உலகத்திலேயே மிக அதிகமாக மழை கொட்டும் இடங்களில் அது ஒன்று. ஓர் ஆண்டில் சராசரியாக 11 ஆயிரத்து 800 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைப்போல் இது 8 மடங்கு!

இவ்வளவு மழை பெய்தால் என்ன ஆகும்? காட்டாறுகள் சீறிக்கொண்டு இறங்கும். மரப்பாலம் போட்டால் ஊறி உளுத்துப்போகும். மூங்கில் பாலம் சில ஆண்டுகளில் இற்றுவிடும். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும்.

ஆனால் மக்கள் அக்கரைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். தோட்டம் அங்கே இருக்கிறது. சந்தை அங்கே இருக்கிறது. அந்த மலைகளில் வாழும் காசி, ஜெயின்டியா பழங்குடி மக்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் பாலத்தைக் கட்டவில்லை. வளர்த்தார்கள்!

உயிருள்ள பாலம்

ஆற்றங்கரையில் ஒரு மரக்கன்றை நடுகிறார்கள். அது ஆல மரத்தின் இனத்தைச் சேர்ந்த ரப்பர் மரம். ஆலுக்கு விழுது இறங்குவதைப்போல் இதற்கும் விழுது இறங்கும். விழுது இளசாக இருக்கும்போதே அதைப் பிடித்து, அக்கரையை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். ஆற்றின் குறுக்கே மூங்கிலைக் கட்டி, அதன்மேல் விழுதைப் படர விடுவது உண்டு. பாக்கு மரத்தை நெடுக்காகப் பிளந்து குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள் விழுதை ஓட விடுவதும் உண்டு.

விழுது அக்கரையைத் தொட்டதும் மண்ணில் வேர் பிடிக்கிறது. பிறகு தடிக்கிறது. இழுத்துக் கட்டிய கயிறுபோல் விறைக்கிறது. ஒரு விழுதை இன்னொன்றோடு பின்னிவிட்டால், நாளடைவில் இரண்டும் ஒட்டி ஒன்றாகிவிடும். ஆணி வேண்டாம். கம்பி வேண்டாம். சிமெண்டும் வேண்டாம்.

ஆள் நடக்கும் அளவுக்குப் பாலம் தயாராக 15 ஆண்டு முதல் 30 ஆண்டு வரை ஆகலாம். கன்று நட்டவர் தாத்தா ஆகியிருப்பார். பேரன் பாலத்தில் ஓடுவான். ஊர் கவனமாகப் பார்த்துக்கொண்டால், பாலம் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் நிற்கும். மற்றப் பாலங்களுக்கு வயது ஏற ஏற வலு குறையும். இந்தப் பாலத்துக்கோ வயது ஏற ஏற வலு கூடும்! 150 அடிக்கு மேல் நீளமான பாலமும் இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு அடுக்குப் பாலமும் இருக்கிறது.

பேராசிரியர்கள் வந்தார்கள்

1844-ம் ஆண்டிலேயே, ஹென்றி யூல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்த வேர்ப் பாலங்களைப் பற்றி வியந்து எழுதினார். அதன்பின் வெளி உலகம் இவற்றை வேடிக்கைப் பொருளாகவே பார்த்தது.

இப்போது நிலைமை மாறி இருக்கிறது. ஜெர்மனியில் உள்ள மியூனிக் தொழில் நுட்பப் பல்கலைக்கழகத்தின் கட்டிடக் கலைப் பேராசிரியரும், பிரைபர்க் பல்கலைக்கழகத் தாவரவியல் நிபுணரும் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு 74 பாலங்களை ஆராய்ந்தது. பாலங்களை வளர்த்தவர்களிடமும் கேட்டறிந்தது. முடிவுகளை 2019-ம் ஆண்டில் வெளியிட்டது. நகரங்களில் மரமும் கட்டிடமும் ஒன்றாக வளர முடியுமா என்பது அவர்களுடைய கேள்வி. 2022-ம் ஆண்டில், உலகப் பாரம்பரியச் சின்னம் ஆவதற்கான உத்தேசப் பட்டியலிலும் இந்தப் பாலங்கள் இடம் பெற்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாலத்தின் நீள அகலத்தை அளந்து படம் போட்டுவிடலாம். ஆனால் எந்த விழுதைத் திருப்ப வேண்டும்? எந்த மாதத்தில் திருப்ப வேண்டும்? எதை விட்டுவிட வேண்டும்? அது படத்தில் இருக்காது. பாலத்தை வளர்த்த மனிதரிடம் இருக்கிறது. அவரை விட்டுவிட்டுப் பாலத்தை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போனால், பாதிப் பாடம்தான் கிடைக்கும்.

ஏன் இந்தத் திடீர் அக்கறை?

காரணம் இருக்கிறது. உலகம் சூடேறி வருகிறது. மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கு சிமெண்டுத் தயாரிப்பில் இருந்து வருகிறது. அந்தச் சிமெண்டால் கட்டிய வீடோ, பகல் முழுவதும் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இரவில் அறைக்குள் அனலாக இறக்குகிறது. மின்விசிறி போதவில்லை என்று குளிர்சாதனம் வாங்குகிறார்கள். மின்சாரக் கட்டணம் ஏறுகிறது.

அந்தந்த ஊரின் மழை, காற்று, வெயில், மண் ஆகியவற்றை அறிந்து வீடு கட்டியவர்கள் யார் என்று நிபுணர்கள் தேடினார்கள். தேடிப் போனவர்கள் பழங்குடி மக்களிடமும் கிராமத்துக் கொத்தனாரிடமும் வந்து நின்றார்கள்.

இந்தியாவில் கட்டிடக் கலைப் பட்டப்படிப்புக்கு 5 ஆண்டுகள். மாணவர்கள் கிராமங்களுக்குச் சுற்றுலா போவது உண்டு. பழைய வீடுகளை நாடா பிடித்து அளக்கிறார்கள். அழகாக வரைகிறார்கள். மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் அந்த வீட்டைக் கட்டியவர் வகுப்புக்கு வந்து பாடம் சொல்வது அபூர்வம். ஆசிரியர் வேலைக்குப் பட்டம் வேண்டும். 60 வயதுக் கொத்தனார் பட்டத்துக்கு எங்கே போவார்?

பூகம்பம் வைத்த பரீட்சை

குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில், இந்தக் கொத்தனார்களுக்கு இயற்கையே ஒரு பரீட்சை வைத்தது.

2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி. குடியரசு தினம். காலை 8.46 மணிக்கு அங்கே பூமி குலுங்கியது. ஊர் ஊராக வீடுகள் சரிந்தன. 13 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். கான்கிரீட்டு மாடிக் கட்டிடங்களும் நொறுங்கின.

ஆனால் பன்னி என்ற புல்வெளிப் பகுதியில், புங்கா எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல, அசையாமல் நின்றன. ஆடு மாடு மேய்க்கும் மக்களும், கைத்தொழில் செய்யும் மக்களும் வாழும் வீடுகள் அவை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட புங்காக்களுக்குச் சேதம் மிகக் குறைவு.

இது எப்படி? சதுர வீட்டில் முதலில் விரிசல் காண்பது மூலைதான். வட்டச் சுவருக்கு மூலையே கிடையாது. எந்தப் பக்கம் ஆட்டினாலும், அந்த வேகம் சுவர் முழுவதும் சுற்றிப் பகிர்ந்துபோகும். மேலே இருப்பது கூம்பு வடிவக் கூரை. அது புல்லால் வேய்ந்தது. எடை குறைவு. ஜன்னல்கள் சிறியவை. 1819-ம் ஆண்டில் கட்ச் பகுதியில் ஒரு பெரிய பூகம்பம் வந்தது. அதில் அடிபட்ட அனுபவத்தில் இருந்துதான் இந்த வடிவம் பிறந்தது என்று சொல்லப்படுகிறது.

2001-க்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். பூஜ் நகரில் ஹுன்னர்ஷாலா என்ற அமைப்பு உருவாயிற்று. கைத்திறன் கூடம் என்பது அதன் பொருள். கட்டிடக் கலைஞர்களும், என்ஜினீயர்களும், கிராமத்துக் கைவினைஞர்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்தார்கள். மண்ணோடு சிறிது சிமெண்டு சேர்த்து, அழுத்தி, கட்டிகள் செய்தார்கள். வட்ட வீட்டின் வடிவத்தை விடவில்லை. வலுவைக் கூட்டினார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்குத் தொழில் சொல்லித்தர ஒரு கூடமும் தொடங்கினார்கள். அங்கே கைவினைஞர்களே ஆசிரியர்கள்!

பட்டம் பெற்றவர் மாணவர் ஆனார்

இந்த வழியில் முன்னாலேயே நடந்து காட்டிய ஒருவர் உண்டு. அவர் லாரி பேக்கர். 1917-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டிடக் கலை படித்துப் பட்டம் பெற்றவர். தொழு நோயாளிகளுக்கான பணியில் இந்தியாவுக்கு வந்தார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். இருவரும் இமயமலையில் உள்ள பித்தோராகர் பகுதிக்குப் போனார்கள். 1963-ம் ஆண்டு வரை அங்கே வாழ்ந்து, மலை மக்களுக்கு மருத்துவம் பார்த்தார்கள்.

அந்த மலையில் அவருடைய இங்கிலாந்துப் பாடம் உதவவில்லை. மலைவாசிகளோ, அருகில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் கொண்டு, குளிருக்கு அடக்கமான வீடுகளில் வசதியாக வாழ்ந்தார்கள். பேக்கர் கவுரவம் பார்க்கவில்லை. அவர்களிடம் கேட்டார். கற்றுக்கொண்டார்.

பின்பு கேரளத்துக்கு வந்தபோதும், அந்த ஊரின் மழையையும் மண்ணையும் கொத்தனாரையும் பார்த்துத்தான் வீடு கட்டினார். மலிவான, குளிர்ச்சியான செங்கல் வீடுகள் பல எழுந்தன. 1990-ம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

பேக்கருக்கு இதைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் பல ஆயின. அதைக் கல்லூரியிலேயே கற்றுக்கொடுத்தால் என்ன?

கனடாவில் ஓடம் கட்டும் மாணவர்கள்

கனடா நாட்டில் அப்படி ஒரு முயற்சி நடக்கிறது. அங்கே சட்பரி என்ற ஊரில், 2013-ம் ஆண்டில் ஒரு கட்டிடக் கலைக் கல்லூரி தொடங்கப்பட்டது. அந்த நாட்டில் 40 ஆண்டுகளுக்கு மேலாகப் புதிதாக ஒரு கட்டிடக் கலைக் கல்லூரியும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் கல்லூரி இது.

அங்கே மாணவர்கள் காகிதத்தில் கோடு போடுவதோடு நிற்பதில்லை. அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களின் பெரியவர்களோடு சேர்ந்து, பூர்ச்ச மரத்தின் பட்டையால் ஓடம் செய்கிறார்கள். வீடு கட்டப் படிப்பவனுக்கு ஓடம் எதற்கு? மரத்துக்கு வலிக்காமல் பட்டை உரிப்பது எப்படி, எது வளையும், எது ஒடியும், எதை எதோடு தைக்கலாம் என்று கை அறிந்துகொள்ளும். கை அறிந்தது மறக்காது.

ஆஸ்திரேலியா இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தது. கட்டிடக் கலைஞருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அங்கே ஒரு தேசிய அளவுகோல் உண்டு. 2021-ல் அது திருத்தப்பட்டது. அந்த மண்ணின் ஆதிக்குடிகள் நிலத்தோடு கொண்டுள்ள உறவை அறிந்திருப்பதும் அதில் ஒரு தகுதியாகச் சேர்க்கப்பட்டது.

ஆதிக்குடிகளுக்கு வீடே கட்டத் தெரியாது என்று வெள்ளையர்கள் ஒரு காலத்தில் சொல்லி வந்த நாடு அது. ஆனால் விக்டோரியா மாநிலத்தில், புட்ஜ் பிம் என்ற இடத்தில், குண்டிஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களால் கால்வாய் வெட்டி, அணை கட்டி, விலாங்கு மீன் வளர்த்தார்கள். அது 6 ஆயிரத்து 600 ஆண்டுகளுக்கு முந்தியது! கல் வீடுகளின் அடையாளமும் அங்கே இருக்கிறது. 2019-ல் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

புல் இல்லாவிட்டால் வீடு இல்லை

தமிழ்நாட்டிலும் இத்தகைய அறிவு இருக்கிறது. நீலகிரி மலையில் தோடர்களின் வீட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்ததுபோன்ற வடிவம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, மேலே புல் வேய்ந்திருப்பார்கள். வாசல், ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். காட்டு விலங்கு நுழையாது. குளிர் காற்றும் புகாது. வளைந்த கூரையில் மழை நிற்காமல் வழிந்துவிடும்.

இந்த வீட்டுக்கு மூலப்பொருள் எங்கே இருந்து வந்தது? சோலைக்காட்டில் இருந்து பிரம்பு வந்தது. புல்வெளியில் இருந்து புல் வந்தது. கோவில் கூரைக்குச் சதுப்பு நிலத்தில் மட்டும் வளரும் ஒரு தனிப் புல் வேண்டும். ஆனால் ஆங்கிலேயர் காலம் தொட்டு, புல்வெளியில் தேயிலை வந்தது. கற்பூர மரம் வந்தது. சீகை மரம் வந்தது. புல்லுக்கு இடம் குறைந்தது. சதுப்பு வறண்டது. இன்று பெரும்பாலான தோடர்கள் வசிப்பது சிமெண்டு வீடுகளில்தான்.

கல்லூரிகள் இதில் இருந்து பெரிய பாடம் கற்க வேண்டும். தோடர் வீட்டின் வடிவத்தைச் சிமெண்டில் வார்த்து ஒரு ஓட்டல் கட்டிவிடலாம். அது தோடர் அறிவு ஆகாது. புல்வெளியைக் காப்பதும், புல்லை அளவோடு அறுப்பதும், மந்தில் உள்ளவர்கள் கூடி வேய்வதும் சேர்ந்ததுதான் அந்த அறிவு. நிலம் போய்விட்டால், அறிவு இருந்தும் பயன் இல்லை.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. காட்டில் விளையும் மூங்கில், பிரம்பு முதலிய சிறுபொருள்களை எடுக்க அது உரிமை தருகிறது. பாரம்பரிய அறிவின்மேல் சமூகத்துக்கு உள்ள உரிமையையும் ஏற்கிறது. ஏட்டில் உள்ள இந்த உரிமை எவ்வளவு தூரம் கைக்கு வருகிறதோ, அவ்வளவு தூரம்தான் அந்த வீடுகளுக்கும் வாழ்வு.

கூரை ஒழுகினால்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. புல் கூரையில் தீப்பிடிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வேய வேண்டும். மண் சுவரை அடிக்கடி மெழுக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகிறது. பிள்ளை படிக்க வெளிச்சமும், பெண்களுக்குக் குளியல் அறையும், கழிப்பறையும் வேண்டும் என்று பழங்குடி மக்கள் கேட்பதில் தவறு என்ன? பட்டணத்தார் மட்டும் மாடி வீட்டில் இருந்துகொண்டு, மலையில் உள்ளவர்கள் குடிசையிலேயே இருக்கட்டும் என்று சொல்வது நியாயம் ஆகுமா? ஆகாது.

ஆனால் குடிசை அல்லது கான்கிரீட்டுப் பெட்டி என்று இரண்டே வழிகள்தானா? மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைக் கட்ச் காட்டியது. அங்கே வீட்டுக்காரரைக் கேட்டுக் கட்டினார்கள்.

இந்தக் கேள்வி இப்போது அவசரமானது. மிகவும் நலிந்த 75 பழங்குடிப் பிரிவினருக்காக, மத்திய அரசு 2023-ம் ஆண்டு நவம்பரில் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. அதில் 4 லட்சத்து 90 ஆயிரம் வீடுகள் கட்ட இலக்கு வைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய 6 பிரிவினர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடிசையில் நனைந்தவர்களுக்கு உறுதியான வீடு கிடைப்பது நல்லதுதான்.

ஆனால் ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் நீலகிரிக் குளிருக்கும் ஒரே வரைபடம் பொருந்துமா? வரைபடம் போடும் இளைஞர், அந்தக் குடும்பம் எங்கே சமைக்கிறது, ஆடு எங்கே கட்டுகிறது, சாமி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கல்லூரி அவருக்குச் சொல்லித் தந்திருக்கிறதா? தரவில்லை என்றால், நல்ல எண்ணத்தோடு கட்டிய வீடும் விறகு அடுக்கும் கொட்டகை ஆகிவிடும்.

நாற்காலி வேண்டும்

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. கட்டத் தெரிந்தவருக்குக் கல்லூரியில் ஒரு நாற்காலி வேண்டும். அது காட்சிப் பொருளை உட்கார வைக்கும் நாற்காலி அல்ல, ஆசிரியர் நாற்காலி. அதற்கு உரிய சம்பளமும் வேண்டும். அவர் சொன்ன முறையில் கட்டிடம் எழுந்தால், கல்வெட்டில் அவர் சமூகத்தின் பெயரும் வரவேண்டும். அதில் லாபம் வந்தால் பங்கும் போக வேண்டும்.

இதற்குக் கதவு திறந்தும் இருக்கிறது. கலைஞர்களையும் கைவினைஞர்களையும் கல்லூரிகளில் அமர்த்திக் கற்பிக்கச் செய்வதற்கு, பல்கலைக்கழக மானியக் குழு 2023-ல் வழிகாட்டும் விதிகளை வெளியிட்டது. கட்டிடக் கலைக் கல்லூரிகள் அதைப் பயன்படுத்தலாம். மாணவர்களும் ஒருநாள் சுற்றுலாவோடு நிறுத்தாமல், ஒரு மழைக் காலம் முழுவதும் மலையில் தங்கிக் கூரை வேய்ந்து பழகலாம்.

காலம் குறைவாக இருக்கிறது. விழுது திருப்பத் தெரிந்தவர்களும், பிரம்பு வளைக்கத் தெரிந்தவர்களும் முதியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பிழைப்பு தேடிப் பட்டணம் போகிறார்கள். தாத்தாவின் தொழிலுக்குக் கல்லூரியில் மதிப்பு உண்டு, சம்பளம் உண்டு என்று தெரிந்தால், அவர்களில் சிலராவது அதைக் கற்றுக்கொள்ளத் திரும்பி வருவார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கட்டிடக் கலைக்கு ஏடு கட்டாயம் வேண்டும். சுரைக்காய் விளைவிக்கத் தெரிந்தவரும் அதன் பக்கத்தில் உட்கார வேண்டும்!